முதலில் கழற்றிக் காட்டு

மெர்சி, ஜோயல், நீங்கள் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் சிரித்தது எனக்குத் தெரியும். ஆண்டுவிழாவில் மெர்சி மயில் வேஷம் கட்டுகிறாள் என்று தையல்கடையிலிருந்து உடுப்பு வந்ததும், வேறு எந்த அப்பாவும் "போட்டுக் காட்டு" என்று சொல்லியிருப்பார். நான் "கழற்றிக் காட்டு" என்றேன். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. ஏழாவது தடவையில் மெர்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சும்மா" என்று ஜோயல் அடுப்படியில் போய்ச் சொன்னான்.

ஆமாம், ஆகித்தான் இருக்கிறது. அதை எனக்குள் போட்டவர் ஓர் அக்கா. அவர் இப்போது உயிரோடு இல்லை. பெயரை எழுதவில்லை. கொடைக்கானலில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது, தெரிந்தவர்களும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. ஹாஸ்டல் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'கழட்டு ஆன்ட்டி'. டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கிற ஆம்பளைகள் அதையே வேறு மாதிரி இழுத்துச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் காதில் விழும். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

அவருக்கு ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. கிறிஸ்துமஸ் நாடகம், பாட்டு விழா, மாறுவேடம் என்று எது நடந்தாலும் உடுப்பு தைப்பது, துவைப்பது, அடுக்கிவைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நான் அப்போது கொடைக்கானல் மேல்மலையில் நம்ம போளூரிலிருந்து கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு கீழே போகிற பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது வண்டி காலி. ஒருநாள் வத்தலக்குண்டிலிருந்து நாடகத்துக்கான துணிக்கட்டுகளை ஏற்றிவரச் சொன்னார்கள். அக்காவும் கூட வரவேண்டும். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார், கதவைச் சாத்தினேன். உடனே கேட்டார்.

"தம்பி, இதை உள்ள இருந்து எப்படித் திறக்கிறது?"

"உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சு கெடக்குக்கா. நான் வெளிய வந்து திறந்துவிடுவேன்."

"நீ வர முடியலைன்னா?"

"நான் ஏன் வர முடியாம போறேன்?"

அவர் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியைப் பிடித்துத் திறந்து இறங்கிவிட்டார். ரோட்டோரம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கெஞ்சிப் பார்த்தேன், கோபப்பட்டும் பார்த்தேன். கடைசியில் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய கைப்பிடியை மாட்டிய பிறகுதான் ஏறினார். ஏறியதும் ஐந்து தடவை திறந்து மூடிப் பார்த்தார். "இப்ப போ" என்றார். எனக்கு அன்றைக்குச் சாப்பாட்டு வேளையே தப்பிவிட்டது. கிறுக்குப் பொம்பளை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மலை ஏறினேன்.

பிறகு அடிக்கடி அவருக்கு வண்டி ஓட்டினேன். பார்க்கப் பார்க்க எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றது. எவ்வளவு குளிரானாலும் ஸ்வெட்டருக்குப் பட்டன் போடமாட்டார், கையால் பிடித்துக்கொள்வார். செருப்பில் வார் இருக்காது. கையில் வளையல் இருந்தால் அது தானாக நழுவி விழுகிற அளவுக்குப் பெரிதாக இருக்கும். கோவிலில் எப்போதும் கடைசி பெஞ்சின் ஓரம். பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தாலும் படிக்குப் பக்கத்தில்தான் நிற்பார். கொண்டைஊசி வளைவுகளில் கண்டக்டர் கத்துவார், அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்பார். அவர் வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர் பாட்டுப் பாட வேண்டும். பாட்டுத் தெரியாதவர் ஒன்று, இரண்டு எண்ண வேண்டும்.

அவர் தைக்கிற உடுப்பும் அப்படித்தான். நெல்லு மூட்டையின் வாய்த் தையலில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் சரசரவென்று உருவிக்கொண்டு வருமே, அதேபோல. ராஜா உடுப்போ, தேவதூதன் உடுப்போ, ஒட்டகமோ, எதுவானாலும் முதுகில் ஒரே கயிறு ஓடும். அதன் முனையில், இடது இடுப்புப் பக்கம், சிவப்புத் துணி சுற்றிய ஒரு வளையம் தொங்கும். வளையத்தில் விரலை மாட்டி ஒரு இழு இழுத்தால் தலைமுதல் கால்வரை எல்லாம் பிரிந்து கீழே விழுந்துவிடும். உள்ளே பிள்ளை பள்ளிக்கூடச் சட்டையோடு நிற்கும்.

பிள்ளைகளை அவர் போட்டுப் பார்க்கச் சொல்வதைவிடக் கழற்றிப் பார்க்கச் சொல்வதுதான் அதிகம். கண்ணை மூடிக்கொண்டு கழற்று. இடது கையால் கழற்று. ஓடிக்கொண்டே கழற்று. ஒரு தடவை நாடகத்தின் நடுவில் ஏரோது ராஜா பழக்கதோஷத்தில் வளையத்தை இழுத்துவிட்டான். கிரீடத்தோடு காக்கி நிக்கரில் நின்றான். மொத்த ஹாலும் சிரித்தது. பாதிரியார்கூடச் சிரித்தார். அக்கா மட்டும் பக்கவாட்டில் நின்று, "சரியா இழுத்தான் பாருங்க" என்றார்.

ஒரு கல்யாணப் பொண்ணுக்குக் கவுன் தைத்துக் கொடுத்தபோதும் அதே வளையம். பொண்ணின் அம்மா கொதித்துப்போய் வந்தார்.

"ஏங்க, கல்யாண கவுனுக்கு எதுக்குங்க இது? யாராவது இழுத்துட்டா எங்க மானம் என்னாகிறது?"

"மானம் போனா திரும்பி வரும்மா" என்றார் அக்கா. அவ்வளவுதான். கவுனைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

நான் ஒருநாள் கேட்டே விட்டேன். சில்வர் காஸ்கேட் அருவிக்குப் பக்கத்தில் மரம் விழுந்து ரோடு அடைத்துக் கிடந்தது. வண்டியை ஓரம்கட்டிவிட்டு வேகவைத்த சோளம் தின்றுகொண்டிருந்தோம்.

"அக்கா, உங்க வீட்டுல யாராவது இப்படி மாட்டிக்கிட்டுச் செத்துப்போனாங்களா?"

அவர் சோளத்தைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "யாராவது செத்தாத்தான் பயப்படணுமா தம்பி?"

எனக்கு அன்றைக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை.

இனி உங்கள் அத்தை மகள் ஷீபா மதினி விஷயத்துக்கு வருகிறேன். மதினி மதுரையில் காலேஜில் படிக்கும்போது அழகிப் போட்டியில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். முதலில் மாவட்டம், பிறகு மாநிலம், அதற்கப்புறம் அகில இந்தியப் போட்டி. தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு பெண், அது போளூர்ப் பூண்டுக் காட்டிலிருந்து போன நம்ம வீட்டுப் பெண். அந்தப் போட்டியில் ஒரு சுற்று இருந்தது. ஒவ்வொரு மாநிலப் பெண்ணும் தன் மண்ணைக் காட்டுகிற மாதிரி ஓர் உடுப்பு போட்டுக்கொண்டு மேடையில் நடந்துவர வேண்டும். அதற்குத் தனிப் பரிசு. ராஜஸ்தான் பெண் கோட்டை மாதிரி போடுவாளாம், கேரளத்துப் பெண் படகு மாதிரி போடுவாளாம். பெரிய டிசைனர்கள் எல்லாம் தைத்துக் கொடுப்பார்களாம். நமக்கு எந்த டிசைனரைத் தெரியும்? உங்கள் அத்தை என்னிடம் சொன்னாள், "ஏலே, அந்தக் கழட்டு ஆன்ட்டியைக் கேட்டுப் பாருலே."

அக்கா ஒரு வாரம் யோசித்தார். எல்லாரும் குறிஞ்சிப்பூ வையுங்கள் என்றார்கள். "ரோட்டுல இருக்கிற போர்டு பூராவும் அதுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒருநாள் என் வண்டியில் ஏறிப் போளூருக்கு வந்தார். அத்தை வீட்டு அடுப்படிக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். அங்கே, அடுப்புக்கு நேர் மேலே பரணில், பூண்டுக் கட்டுகள், இலையும் தண்டுமான தாளோடு, தலைகீழாகத் தொங்குகின்றன. மலைப்பூண்டைப் புகையில் தொங்கவிட்டால்தான் வருஷம் முழுக்கக் கெடாது. புகை ஏறி மஞ்சளும் பழுப்புமாய், முத்துக் கோத்த மாதிரி வரிசை வரிசையாக இருக்கும். நாம் தினமும் பார்ப்பதால் நமக்கு அது அழகாகத் தெரிவதில்லை. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதுதான்" என்றார்.

பாவாடையை மலைச்சரிவுத் தோட்டம் மாதிரி அடுக்கடுக்காகத் தைப்பது, அடுக்குகளில் கம்பளி நூலால் கேரட்டும் கோசும் வைப்பது, முதுகுக்குப் பின்னால் மூங்கில் பத்தையால் பெரிய வளைவு கட்டி அதில் பூண்டுக் கட்டுகளைத் தொங்கவிடுவது. இதுதான் திட்டம். ஷீபா அந்த வளைவுக்குள் நின்றால் ஒரு சாமி சுரூபம் நிற்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் பூண்டுக் கட்டுகளைத் துணியில் செய்யலாம் என்றார் அக்கா. காய்ந்த தாள், நெருப்புப் பிடிக்கும் என்றார். நாங்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. துணிப்பூண்டு கோமாளித்தனமாக இருக்கும் என்றேன் நான். அத்தை சிரித்தாள்.

"தாத்தா காலத்துலருந்து அடுப்புக்கு நேர் மேல தொங்குதுக்கா. பத்தணும்னா இந்நேரம் வீடே பத்தியிருக்கணும்ல."

அக்கா சும்மா விடவில்லை. பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கச் சொன்னார். வெளியே மூடுபனி வாசல்வரை வந்து நின்றது. தீக்குச்சியைக் கிழித்துத் தாளின் நுனியில் வைத்தார். சிவந்து, புகைந்து, அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் புகைந்து அணைந்தது. மூன்றாவது குச்சி விரலைச் சுடும்வரை பிடித்திருந்தார். தாள் கறுத்ததே தவிர எரியவில்லை.

"பத்த மாட்டேங்குதே" என்றார். அவர் முகம் தெளிந்தது. ஒரு விஷயத்தை அவர் நம்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாங்கள் யாரும் ஒன்றை யோசிக்கவில்லை. நம்ம ஊரில் எதுவும் முழுசாகக் காய்வதில்லை. துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரம். தீப்பெட்டி நமத்துப்போகிறது. உப்பு நீர்விடுகிறது. பூண்டுத் தாளிலும் அந்த ஈரம் உள்ளே இருக்கிறது. அதனால்தான் அது அடுப்புக்கு மேலே பயமில்லாமல் தொங்குகிறது. மலையிலேயே இருக்கிறவர்களுக்கு அது ஈரம் என்றே தெரியாது. அது பூண்டின் குணம் என்று நினைத்துக்கொண்டோம்.

உடுப்பு முடிந்ததும் பள்ளிக்கூட ஹாலில் ஷீபாவுக்குப் பயிற்சி. மற்ற பெண்கள் எல்லாம் நடக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள் என்றால், நம்ம பெண் கழற்றப் பழகினாள். இடது கை இடுப்புக்குப் போக வேண்டும், விரல் வளையத்தில் மாட்ட வேண்டும், இழுக்க வேண்டும். வளைவும் பாவாடையும் பின்பக்கம் தொப்பென்று விழும். நான் தூக்கி மறுபடி மாட்டுவேன். மறுபடி.

"ஆன்ட்டி, ஜட்ஜுங்க முன்னாடி நான் கழட்டவா போறேன்?" என்று ஷீபா சிரிப்பாள்.

"கழட்டாம இருந்தா நல்லதுதாம்மா. இன்னொரு தடவை."

போட்டி ஒரு பெரிய நகரத்தில். கோடைக்காலம். உடுப்பைத் தார்ப்பாய் போர்த்தி வண்டியில் நான்தான் கொண்டுபோனேன், அக்கா முன்சீட்டில். அங்கே உடுப்புகளை எல்லாம் மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய ஏ.சி. அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். மூன்று நாள். வெளியே வெயில் கண்ணைப் பிடுங்கியது, உள்ளே ஏ.சி. தோலை இழுத்துப் பிடித்தது. எனக்கு உதடு வெடித்து ரத்தம் வந்தது. மலைக்காரர்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று வாசல் வாட்ச்மேன் சொன்னார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அந்தச் சுற்று சாயங்காலம். உடுப்புகள் பெரிதாக இருந்ததால் உடை மாற்றும் அறையில் மாட்ட முடியாது. சாமான் ஏற்றி இறக்குகிற பின்கொட்டகையில் வைத்து மாட்டினார்கள். அங்கே வீட்டுக்காரர்களும் நிற்கலாம். கோட்டைகள், படகுகள், யானைத் தலைகள் எல்லாம் வரிசையாக நின்றன. நான் வளைவைத் தூக்கி ஷீபாவின் தோளில் வைத்தேன். அக்கா வாரை இறுக்கினார். இறுக்கும்போது அவர் கை ஒரு பூண்டுக் கட்டில் பட்டது. கட்டு சலசலத்தது. காய்ந்த சருகு மாதிரி ஒரு சத்தம்.

அக்கா நின்றுவிட்டார். ஒரு தாளைப் பிடித்துக் கசக்கினார். அது பொடியாகக் கையில் கொட்டியது.

"தம்பி, மேடையில நெருப்பு கிருப்பு உண்டா?"

பக்கத்தில் நின்ற மேடைக்காரரிடம் கேட்டேன். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "தரையில ஸ்பார்க் வரும். கோல்டு ஸ்பார்க், குளிர்ந்த பொறி. சுடாது, கைகூட வைக்கலாம்" என்றார். ஒத்திகையில் அப்படி எதுவும் இல்லையே என்றேன். ஒத்திகைக்குப் போடமாட்டோம் என்றார்.

"தண்ணி வேணும்" என்றார் அக்கா. "எல்லாத்தையும் நனைக்கணும். நான் வர்ற வரைக்கும் இவளை விடாதே." கொட்டகையில் குழாய் இல்லை. அவர் வெளிவாசல் பக்கம் ஓடினார். அவர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் அம்மாவிடமும் சொல்லவில்லை.

அக்கா போன பிறகு, பெண்களுக்கு நடை சொல்லிக்கொடுக்கிற ஆள் வந்தார். சென்னைக்காரர். "தமிழ்நாடு அடுத்து, ரெடியா?" என்றார். ஷீபாவைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இடுப்பில் தொங்குகிற சிவப்பு வளையத்தைப் பார்த்தார்.

"இது என்னம்மா, டாய்லெட் ஃப்ளஷ் செயின் மாதிரி? கேமரால அசிங்கமா தெரியும். கட் பண்ணுங்க."

"கட் பண்ணக்கூடாதுங்க" என்றேன்.

"அப்ப உள்ள தள்ளுங்க. ரெண்டு நிமிஷம்." சொல்லிவிட்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டார்.

ஷீபா என்னைப் பார்த்தாள். முகத்தில் அவ்வளவு பூச்சுக்கு நடுவிலும் அவள் பயம் தெரிந்தது. நெருப்புக்கு இல்லை, தோற்றுவிடுவோமோ என்கிற பயம்.

"மாமா, உள்ள விட்டுருங்க மாமா. ஆன்ட்டிகிட்ட நான் சொல்லிக்கிறேன். ப்ளீஸ் மாமா."

"அக்கா வரட்டும்மா."

"அதுக்குள்ள என்னைக் கூப்பிட்டுருவாங்க. இது ஒண்ணுக்காக நான் எத்தனை மாசம் பட்டினி கெடந்தேன்னு உங்களுக்குத் தெரியும்ல."

தெரியும். நான் வளையத்தை மடித்துப் பாவாடையின் மடிப்புக்குள் தள்ளினேன். தள்ளினால் நிற்கவில்லை, நழுவி வெளியே வந்தது. என் சாவிக்கொத்தில் எப்போதும் நாலைந்து ஊக்கு மாட்டியிருப்பேன். தார்ப்பாய் கிழிந்தால் காற்றில் விரியாமல் இருக்க, ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே இரண்டு ஊக்கு குத்துவது வண்டிக்காரர்கள் பழக்கம். அப்படிக் குத்திவிட்டால் மலைக்காற்றுக்கும் அசையாது. அதையே செய்தேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது என்றுகூட எழுதத்தான் வேண்டும்.

"தேங்க்ஸ் மாமா" என்று ஷீபா படியேறினாள்.

நான் மேடையின் பக்கவாட்டில் போய் நின்றேன். அவள் நடந்துவந்த அழகை நான் மறக்கவே மாட்டேன். அடுக்கடுக்காகத் தோட்டம் அசைகிறது, பின்னால் நம்ம வீட்டுப் பரணே எழுந்து வருகிறது. ஜனங்கள் எழுந்து கைதட்டினார்கள். மேடையின் முன்விளிம்பில் நின்றாள். திரும்பினாள். திரும்பும்போது தரையிலிருந்து நாலு இடத்தில் வெள்ளைப் பொறி ஆளுயரத்துக்குப் பீச்சியது. வளைவின் இடது முனை அதன் மேல் ஒரு கணம் குனிந்தது.

முதலில் ஒரு கட்டு. சத்தமே இல்லை. ஒரு பூ விரிகிற மாதிரி மஞ்சளாக விரிந்தது. அடுத்த கட்டு. ஜனங்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அதுவும் உடுப்பின் ஒரு வித்தை என்று நினைத்தார்கள். ஷீபாவுக்குத் தெரியவில்லை, கைதட்டலுக்குச் சிரித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்குச் சூடு தெரிந்தது. அவள் முகம் மாறுவதற்கு முன்னாலேயே இடது கை இடுப்புக்குப் போனது.

மெர்சி, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவள் மறக்கவில்லை. நூறு தடவை பழகிய கை, தானாகப் போனது. விரல் வளையத்தைத் தேடியது. மேலே தேடியது, கீழே தேடியது. அன்றைக்கு எடுத்து நெட்டில் போட்ட வீடியோவில் அது நன்றாகத் தெரியும். யாரோ கீழே 'கடைசி வரை ஸ்டைல் விடலை' என்று எழுதியிருந்தார்கள். இடுப்பில் கை வைத்து நிற்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள்.

என் கால் நகரவில்லை. அதற்கு நான் எந்தக் காரணமும் சொல்லமாட்டேன்.

என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு அக்கா போனார். கையில் ஒரு வாளி, பாதித் தண்ணீர் வழியெல்லாம் சிந்திவிட்டது. மீதித் தண்ணீரை ஷீபாவின் தலையில் ஊற்றினார். அது தீக்குப் போதவில்லை. எரிகிற தாள்கள் ஷீபாவின் கழுத்தில் படாதபடி வலது கையால் வளைவை வெளிப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். இடது கையை அவள் இடுப்புக்குக் கொண்டுபோனார். அங்கே வளையம் இல்லை.

அவர் கத்தவில்லை. குனிந்தும் பார்க்கவில்லை, குனிந்தால் வலது கையை விட வேண்டிவரும். விரலாலேயே தடவித் தடவி மடிப்பைக் கண்டுபிடித்தார். ஊக்கைக் கண்டுபிடித்தார். ஒரு கையால், பார்க்காமல், ஒன்றைத் திறந்து, அதற்கு அடியில் குறுக்கே கிடந்த இன்னொன்றைத் திறந்து, வளையத்தை வெளியே எடுத்து இழுத்தார்.

தோட்டமும் பரணும் பிரிந்து பின்னால் விழுந்தன. ஷீபா உள்ளாடையாகத் தைத்த வெள்ளைக் கவுனில் நின்றாள். அக்கா அவளை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். கைதட்டல் அப்போதுதான் நின்றது.

மதினி வெயில்காலத்திலும் கழுத்தைச் சுற்றி ஷால் போட்டிருப்பது ஃபேஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குக் கீழே ஒரு கையகலத் தழும்பு. அவ்வளவோடு போயிற்று. அக்காவின் வலது உள்ளங்கைதான் போய்விட்டது. விரல்கள் உள்பக்கமாக மடங்கி ஒட்டிக்கொண்டன. அதற்கப்புறம் அவர் ஊசி பிடிக்கவில்லை.

அன்றைக்கு எல்லாரும் அந்தச் சென்னைக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். நீதானே மறைக்கச் சொன்னாய் என்று, போட்டி பார்க்க வந்திருந்த உங்கள் அத்தை அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் "நான் தள்ளத்தான் சொன்னேன், குத்தச் சொல்லலை" என்றார். யாரும் கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஷீபாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இன்றுவரை கொடுக்கவில்லை.

அக்காவைக் கொடைக்கானலுக்குக் கூட்டிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினைந்து நாள் நான் பக்கமே போகவில்லை. வண்டிச் சோலி என்று சொல்லிக்கொண்டேன். கடைசியில் ஒருநாள் வெள்ளனே ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை பூராவும் கட்டு. வாசலுக்குப் பக்கத்துக் கட்டிலைத்தான் கேட்டு வாங்கியிருந்தார். ஷீபா எப்படியிருக்கிறாள் என்று கேட்டார். தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா என்று கேட்டார். நான் பழத்தை உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தேன்.

"தப்பு என்மேலதான் தம்பி" என்றார்.

"நீங்க என்னக்கா பண்ணீங்க?"

"மூணு குச்சி கிழிச்சேன். மூணும் இங்க வச்சுக் கிழிச்சேன். அங்க கொண்டுபோய் ஒண்ணு கிழிச்சிருக்கணும்."

அவர் இரண்டு சுளை தின்றார். ஜன்னலில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. பிறகு, சாதாரணமாக, பழத்துக்கு விதை இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"அந்த ஊக்கு ஒண்ணுமேல ஒண்ணா, குறுக்க குத்தியிருந்துச்சு. தார்ப்பாய்க்குக் குத்துற மாதிரி."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஒரு சுளையை உள்ளே போட்டு மூடிக்கொண்டேன்.

"காபி வந்திருக்கும். குடிச்சிட்டு வெரசா போ. பனி இறங்குது, ரோடு தெரியாது" என்றார்.

அதன் பிறகு இரண்டு தடவை பார்த்தேன், அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டுத் தங்கச்சி வீட்டோடு தூத்துக்குடிக்குப் போனார். அங்கேதான் இறந்தார். சாவுக்கு நான் போகவில்லை.

ஆனால் அந்த ஆஸ்பத்திரி நாளில் நான் காபி குடிக்காமல் இறங்கி வந்தேன். வண்டி யூகலிப்டஸ் மரத்தடியில் நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை. பின்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். சாவிக்கொத்திலிருந்து இரண்டு ஊக்கை எடுத்துத் தார்ப்பாயின் ஓரத்தை மடித்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே குத்தினேன், அன்றைக்குக் குத்தியதைப் போலவே. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் ஊக்கைத் தேடினேன். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். ஊக்கு கிடைத்தது, திறக்கவில்லை. விரலில் குத்தியது. கம்பியை விடக்கூடாது, கண்ணைத் திறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன்.

நாற்பதுவரை எண்ணினேன். முதல் ஊக்கே திறக்கவில்லை.